மேஸ்திரி முதல் டேமேஜர் வரை

போன மாசம் ஆபீஸ்ல ஒரு மீட்டிங். ஆள் எடுக்கிறது, அப்ரைசல், டிரெயினிங், டீமுக்குள்ள வர்ற பஞ்சாயத்து எல்லாத்தையும் இனிமே அந்தந்த மேனேஜரே பார்த்துக்கணுமாம். எச்.ஆர். பக்கத்துல நின்னு உதவி பண்ணுமாம். ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பவர்பாயிண்ட் ஓட்டினாங்க. எனக்கு என்னவோ எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு.

தாத்தா கோயமுத்தூர்ல மில் தொழிலாளி. அவர் சொல்ற கதையில முதலாளி வரவே மாட்டார், மேஸ்திரிதான் வருவார். வேலைக்குச் சேர்க்கிறவர், தொழில் கத்துக்கொடுக்கிறவர், லீவு கொடுக்கிறவர், வீட்டுக்கு அனுப்புறவர் எல்லாம் அவரே. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியாதாம். இதே ஆளுக்கு பம்பாய் மில்லுல ஜாபர்னு பேரு, கல்கத்தா சணல் ஆலையில சர்தார்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனியில 1913ல சுமார் 14,000 பேரை வச்சு வேலை நடத்த, அந்த ஒரு வருஷத்துல 50,000 பேருக்கு மேல எடுக்க வேண்டியிருந்தது. வர்றதும் போறதுமா இருந்திருக்காங்க. அந்த வருஷமே ஃபோர்மேன் கையில இருந்த 'வேலையை விட்டு நீக்கும்' அதிகாரத்தைப் பிடுங்கிட்டாங்க. தன் பிரிவை விட்டு அனுப்பலாம், கம்பெனியை விட்டு அனுப்ப முடியாது.

இந்தியாவுல விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931ல அறிக்கை கொடுத்துச்சு. மேஸ்திரிகளோட லஞ்சத்தை ஒழிக்க அது சொன்ன வழி இது: பெரிய ஆலைகள்ல தொழிலாளர் அதிகாரின்னு ஒருத்தர் வேணும். அவரே நேர்ல பார்த்து ஆள் எடுக்கணும், ஆனா பிரிவுத் தலைவர்களைக் கலந்துக்கிட்டு. அவர் சம்மதம் இல்லாம யாரையும் நீக்கக் கூடாது. மேனேஜரே நீக்கினாலும், அவர் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்.

பேங்க் லாக்கர் மாதிரி ரெண்டு சாவி! தொழிலாளியை தினமும் பார்க்கிறவர் கையில ஒண்ணு, கொஞ்சம் தள்ளி நிக்கிறவர் கையில ஒண்ணு.

அப்புறம் 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்துல நல அலுவலர் கட்டாயம்னுச்சு. நாளடைவுல இந்தப் பிரிவு ஃபைலும் ரிஜிஸ்டருமா மாறிப்போச்சு. 1970கள் நடுவுல எல் அண்ட் டி நிறுவனத்துக்காக உதய் பரீக்கும் டி.வி. ராவும் மனிதவள மேம்பாட்டுக்குத் தனித் துறை வகுத்துக் கொடுத்தாங்க. ஆளை வளர்க்கிற வேலை மேலதிகாரியோடதும்தான்ங்கிற பேச்சு அதுக்கப்புறம் பலமாச்சு. நல்ல பேச்சுதான். கூடவே வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாதது எச்.ஆருக்கு எப்படித் தெரியும்?

ஆனா என் கதையைக் கேளுங்க. முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில, என் டீம் பையன் ஒருத்தனை அனுப்புறதா முடிவாச்சு. முடிவெடுத்தப்போ என்னை யாரும் கேக்கல. "நீங்கதானே மேனேஜர், நீங்களே சொல்லிடுங்க"ன்னு பேச வேண்டியதை எழுதிக் கையில கொடுத்தாங்க. வாசிச்சேன். "நீங்க எனக்காகப் பேசலையாண்ணா?"ன்னு கேட்டான். அந்தக் காகிதத்துல அதுக்குப் பதில் இல்ல.

தாத்தா காலத்து மேஸ்திரிகிட்ட ரெண்டு சாவியும் இருந்துச்சு. அன்னிக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல, பொறுப்பு மட்டும் இருந்துச்சு. இதுக்குப் பேரு பகிர்ந்துக்கிறது இல்லைங்க, தலையில கட்டுறது.

அடுத்த மீட்டிங்ல கையைத் தூக்கிக் கேக்கப் போறேன்: "பொறுப்பு சரி, சாவி எங்க?"