உதிர்ந்துபோன பேருடல்

இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு என்னும் சிற்றூரின் அருகே, ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பாறைப் படிவுகளில் பேரெலும்புகள் சில கிடைத்தன. 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலார் அவ்விலங்கிற்குப் ‘பிருகத்காயோசாரஸ்’ எனப் பெயரிட்டனர். பிருகத்காயம் என்றால் பேருடல்.

பெயர் பொருந்திற்று, வகைப்பாடு பொருந்தவில்லை. அதனை ஊனுண்ணி டைனோசர் என்றே அவர்கள் எழுதினர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! அத்துணைப் பெரிய கால், நீள்கழுத்துத் தாவர உண்ணிக்கே உரியது எனப் பின்னர் பிற அறிஞர் கருதினர்.

தவறைத் திருத்தலாம், இழப்பை என் செய்வது? ஈரம் ஊறிய களிமண்ணில் கிடந்து நொய்ந்திருந்த எலும்புகள், எடுத்த பின் உதிர்ந்து மண்ணாயின. எஞ்சியவை கோட்டோவியங்களும் அளவுகளும் மட்டுமே. எனவே, அது எலும்பன்று, கல்லாய்ச் சமைந்த மரம் என்று ஐயுற்றோரும் உண்டு. அவர்களை நாம் குறைகூறோம். புனித தோமையாரும் தொட்டுப் பார்க்கவே விழைந்தார். அவருக்குக் காட்டக் காயங்கள் இருந்தன. இவர்கட்குக் காட்ட எலும்பில்லை.

2022-இல் அய்யாசாமி மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, அகழ்வுக் காலத்துப் பழைய நிழற்படங்களை அச்சேற்றினார். முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் தாம் ஊனுண்ணி என்று எழுதியதை, நீள்கழுத்து இனமெனத் தம் கையாலேயே திருத்தினார். வேறு யார் திருத்தியிருந்தாலும் நமக்கு இத்துணை மகிழ்ச்சி இராது. எலும்புகளைக் காண விரும்புவோர்க்கு இன்று அப்படங்களே உள்ளன.