ஆன்மிகமா, சமயமா? நீதிமன்றத்தில் ஆரோவில்

ஆன்மிகம் வேறு, சமயம் வேறு என்னும் பாகுபாட்டைத் தனிமனித உள்ளம் சார்ந்ததாகவே பலரும் கருதுகின்றனர். இந்தியாவில் அது நிறுவனங்களின் உரிமையைத் தீர்மானித்த சட்டச் சிக்கலாகவும் இருந்துள்ளது. எஸ்.பி. மிட்டல் வழக்கு இதற்குத் தெளிவான சான்று.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. ஸ்ரீ அரவிந்தரின் நோக்கை அடியொற்றி அன்னை மிர்ரா அல்பாசா உருவாக்கிய இந்நகர், எல்லா மதங்களையும் கடந்ததாக முன்வைக்கப்பட்டது. யுனெஸ்கோவின் ஆதரவும் இந்திய அரசின் நிதியும் அதற்குக் கிடைத்தன. 1973இல் அன்னை மறைந்தபின், நிர்வாகத்தை நடத்திய ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் ஆரோவில்வாசிகளுக்கும் இடையே பூசல் மூண்டது. நிதி முறைகேட்டுப் புகார்களும் எழுந்தன. 1980இல் நடுவண் அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்றது.

அச்சட்டத்தை எதிர்த்தோர் அரசமைப்பின் 25, 26ஆம் உறுப்புகளை நாடினர். அரவிந்தரைப் பின்பற்றுவோர் ஒரு சமயப் பிரிவினர். அவர்களது நிர்வாகத்தில் அரசு தலையிடலாகாது என்பது வாதம். உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 1982 நவம்பரில் சட்டம் செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஆர்.பி. மிஸ்ரா, அரவிந்தரின் போதனை மதமன்று, தத்துவமே என்றார். சொசைட்டியின் சொந்த ஆவணங்களே அதற்கு எதிராக நின்றன. அதன் விதிமுறைகளும் வருமான வரிச் சலுகைக்காக அது எடுத்த நிலைப்பாடும் அதனை மதம் சாராத அமைப்பாகவே காட்டின. ஓ. சின்னப்ப ரெட்டியின் தனித் தீர்ப்பு மாறுபட்ட வழியில் அதே முடிவை எட்டியது: அரவிந்தர் வழியினரைச் சமயப் பிரிவாகக் கொள்ளத் தடையில்லை, ஆனால் ஆரோவில் ஒரு நகரியமே, சமய நிறுவனமன்று.

இதே சிக்கல் மேற்கு வங்கத்தில் வேறு வடிவில் எழுந்தது. தன் கல்வி நிறுவனங்களின் நிர்வாக உரிமைக்காக இராமகிருஷ்ண மிஷன், தன்னை இந்து சமயத்தினின்றும் வேறான சிறுபான்மைச் சமயமாகக் கருதவேண்டும் என வாதிட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 1995இல் உச்ச நீதிமன்றம் மறுத்து, இந்து சமயத்துக்குள் ஒரு பிரிவாகவே அதனைக் கண்டது.

இவற்றை வெறும் வழக்காடு தந்திரம் என்று ஒதுக்குவது பொருந்தாது. அனைவருக்கும் பொதுவானது என்னும் நம்பிக்கை அவ்வமைப்புகளின் உயிர்நாடி. எல்லா நாட்டினரையும் ஆரோவிலுக்கு ஈர்த்ததும் அதுவே. ஆயினும் 26ஆம் உறுப்பு நிர்வாக உரிமையைச் சமயப் பிரிவுகளுக்கே வழங்குகிறது. சமயம் கடந்த ஆன்மிகத்துக்கு அங்கே தனி இடமில்லை. மதத்தைக் கடந்தோம் என்று அறிவித்த அமைப்பு, மதத்துக்குரிய பாதுகாப்பையும் கடந்துவிட நேர்ந்தது.