பி.காம். முடிச்சாச்சு, அடுத்து என்ன? – ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் சொல்லும் பாடம்



மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர்கள் எங்கே பார்த்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், வேலைக்குப் போகலாமா, மேலே படிக்கலாமா?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் நம்ம வட்டாரத்தில் மூன்று தலைமுறை இந்தக் கேள்விக்கு என்ன பதில் கண்டது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு செய்தி. நம் நாட்டில் வணிகக் கல்வி பிறந்ததே வேலைக்காகத்தான். 1886-ல் சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் வணிகப் பள்ளி தொடங்கியபோதும் சரி, 1913-ல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தபோதும் சரி, கடைக்கும் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் கணக்குத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். எம்.ஏ. படித்துப் பேராசிரியர் ஆவது வேறு வழி, பி.காம். என்பது சம்பாத்தியத்துக்கான வழி. இப்படித்தான் பெரியவர்கள் நினைத்தார்கள்.

1965-ல் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதில் இருந்தன. (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான்.) ராகி, மாந்தோப்பு, மானாவாரி நிலம், இவைதான் அன்றைய பிழைப்பு. பட்டம் வாங்கியவனுக்கு மண்டிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கம், சர்க்கார் உத்தியோகம், இவற்றை விட்டால் பெங்களூர் பஸ்.

1969 ஜூலை 19 இந்த நிலையை மாற்றியது. 14 வங்கிகள் தேசியமயமாயின. 1980-ல் மேலும் 6. கிராமங்களில் கிளைகள் திறக்கத் திறக்க, ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1978 முதல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் பொதுவான எழுத்துத் தேர்வு நடத்தின. சிபாரிசு இல்லாத வீட்டுப் பையனும் பரீட்சை எழுதி உள்ளே போகலாம் என்ற நம்பிக்கை வந்தது. பேங்க் கிளார்க் வேலை கிடைத்தால் "பையன் செட்டில் ஆயிட்டான்" என்று ஊரே சொல்லும். அந்தக் காலத்தில் மேற்படிப்பு என்பது பேங்க் பரீட்சை தேறாதவன் எம்.காம். சேர்ந்து இரண்டு வருஷம் காத்திருக்கும் இடம் என்றுகூடப் பேசினார்கள். அது நியாயமான பேச்சு இல்லை. ஆனால் இருந்த பேச்சு.

அடுத்த திருப்பம் தொழிற்சாலைகள். 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், எழுபதுகளிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பின்தங்கிய பகுதி என்ற சலுகையும், பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததும் கம்பெனிகளை இழுத்தன. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. 1984-ல் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், எண்பதுகளின் பிற்பகுதியில் இங்கே கடிகாரம் செய்யத் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, கடிகாரம் பூட்ட வைத்தார்கள். பிளஸ் டூ முடித்த பையன் யூனிபாரம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறும்போது, பி.காம். முடித்தவன் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டைப் புதுப்பித்துக்கொண்டு நின்றதும் உண்டு.

ஆனால் பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பல முளைக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கர் வேண்டும். நான் 1984-ல் பட்டம் வாங்கிச் சேர்ந்தது அப்படி ஒரு சின்ன யூனிட்டில்தான். அப்போது நம்முடையது மெட்ராஸ் யூனிவர்சிட்டி பட்டம். பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997-ல். தட்டச்சில் ஹையர் முடித்திருந்ததால்தான் என்னை எடுத்தார்கள் என்று முதலாளியே சொன்னார்.

எல்லையோரக் கணக்கு வேலைக்கு ஒரு தனி ருசி உண்டு. ஜுஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். சரக்கு அந்தப் பக்கம் போனால் மத்திய விற்பனை வரி. வாங்குகிறவர் சி ஃபாரம் கொடுத்தால் 4 சதவீதம்; கொடுக்காவிட்டால் 10 சதவீதமோ அதற்கு மேலோ. வித்தியாசம் விற்றவன் தலையில் விழும். ஆகவே பாக்கி வசூலிப்பதைவிட ஃபாரம் வசூலிப்பது பெரிய வேலை. இதோடு 1986-ல் மாட்வாட் வந்தது: மூலப்பொருளுக்குக் கட்டிய எக்சைஸ் வரியை, செய்த பொருளுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ரெஜிஸ்டர் சரியாக இருந்தால் கம்பெனிக்குக் காசு, தப்பினால் நோட்டீஸ். கல்லூரியில் ஒரு பக்கமாகப் படித்தது இங்கே முழுநேர வேலையாக இருந்தது.

நான் கவனித்த முக்கியமான விஷயம் இதுதான். அந்த வேலைதான் எங்களில் பலரைத் திரும்பவும் படிக்கத் தள்ளியது. ஒரு பாகம் செய்ய எத்தனை ரூபாய் ஆகிறது என்று பெரிய கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசர் கேட்டால், லெட்ஜர் மட்டும் தெரிந்தவனால் பதில் சொல்ல முடியாது. அடக்கவிலைக் கணக்கு தெரியவேண்டும். அதற்கென்று 1959-ல் தனிச் சட்டம் வந்து, ஐ.சி.டபிள்யூ.ஏ. நிறுவனம் நடந்து வந்தது. பாடங்கள் கல்கத்தாவிலிருந்து தபாலில் வரும். ஷிப்டு முடிந்து வந்து இரவு பதினோரு மணி வரை படிப்போம். நான் முடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் இன்டரோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் புத்தி குறைந்தவர்கள் இல்லை. தங்கை கல்யாணம், அப்பா வைத்தியம், ஓவர்டைம் என்று நேரம் போய்விட்டது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று சொல்வது சுலபம். அதன் விலையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொரு கூட்டம் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனது. 1984-ல் வருமான வரிச் சட்டத்தில் 44 ஏபி என்ற பிரிவு வந்து, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் கட்டாயம் தணிக்கை செய்யவேண்டும் என்றானது. ஆடிட்டர்களுக்கு வேலை பெருகியது. ஆர்ட்டிகிள்ஸ் பையன்கள் தேவைப்பட்டார்கள். அங்கே கைக்கு வந்தது பஸ் சார்ஜ் அளவுப் பணம்தான். வீட்டில் இன்னொரு சம்பாத்தியம் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இல்லாதவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். படிப்பா வேலையா என்பதைப் பல வீடுகளில் தீர்மானித்தது மார்க் இல்லை. வீட்டுச் சோற்றுப் பானைதான். பெண்களுக்கோ, அந்தத் தீர்மானம் பல நேரம் ஜாதகத்தோடு சேர்ந்தே வந்தது.

பிறகு காற்று திசை மாறியது. 1986-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் டாலி மென்பொருள், தொண்ணூறுகளில் பேரேட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனது. 2000–2001-ல் அரசு வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். "ஆயுசுக்கும் ஒரே நாற்காலி" என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதே சமயம் பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் அலுவலகங்கள் பி.காம். பட்டதாரிகளை எடுத்தன.

2007-ல் தமிழ்நாட்டில் வாட், 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. எல்லையில் லாரிகளை வரிக்காக நிறுத்திய சோதனைச் சாவடிகள் போயின. பெரும்பாலான பொருள்களுக்கு சி ஃபாரமும் போயிற்று. முப்பது வருஷம் ஃபாரம் வசூலித்தே பேர் வாங்கிய நண்பர் ஒருவர், "என் வித்தை ஒரே ராத்திரியில் செத்துப் போச்சுப்பா" என்றார். ஆனால் மாட்வாட்டின் அடிப்படை புரிந்தவர்களுக்கு ஜி.எஸ்.டி.யின் உள்ளீட்டு வரி வரவு புதிதாகவே இல்லை. ஃபாரத்தைப் படித்தவனுக்கு ஃபாரத்தோடு போயிற்று. காரணத்தைப் படித்தவனுக்கு அடுத்த சட்டமும் கைவந்தது. அவன் வேலைக்குப் போனவனா, மேலே படித்தவனா என்பது இரண்டாவது விஷயம்.

இன்று நிலைமை ஒருவிதத்தில் சாதகம். 2014-ல் தொழிற்பழகுநர் சட்டம் திருத்தப்பட்டு, பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் அப்ரன்டிஸ் ஆக வழி பிறந்தது. 2021-ல் யு.ஜி.சி., சி.ஏ., சி.எஸ்., ஐ.சி.டபிள்யூ.ஏ. தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. 2023-ல் வந்த புதிய திட்டத்தில் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஸ் காலம் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்தது. வேலைக்கும் படிப்புக்கும் நடுவிலிருந்த சுவர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஓலா, டாட்டா எலக்ட்ரானிக்ஸ் என்று நம் மாவட்டத்தில் புதிய ஆலைகளும் வந்திருக்கின்றன. ஆனால் வெறும் பதிவு போடும் வேலையை இன்று கம்ப்யூட்டரே செய்கிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆகவே தம்பி தங்கைகளே, மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று: அடுத்த மூன்று வருஷம் வீட்டை யார் தாங்குவார்கள்? இரண்டு: கிடைக்கிற வேலை எனக்குப் புதிதாக எதையாவது கற்றுத்தருமா, அல்லது இன்று செய்ததையே நாளையும் செய்யவைக்குமா? மூன்று: சேர நினைக்கிற படிப்பு ஒரு வேலைக்கான தகுதியா, அல்லது முடிவைத் தள்ளிப்போடும் சாக்கா? வீடு தாங்காது என்றால் தயங்காமல் வேலைக்குப் போங்கள். ஆனால் முதல் வருஷத்திலேயே ஒரு பரீட்சைக்குப் பணம் கட்டிவிடுங்கள். சம்பளம் பழகிவிட்டால் புத்தகம் கனக்கும்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று ஆளை எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலைக்குச் சேரும் நம் கல்லூரிப் பிள்ளைக்குப் பரீட்சை மாதத்தில் பத்து நாள் லீவு கொடுங்கள். எங்கள் தலைமுறையில் பலர் இன்டரோடு நின்றது அந்தப் பத்து நாள் கிடைக்காமல்தான்.