பேசும் முரசு: ஆப்பிரிக்கத் தொனிமொழிச் சமுதாயங்களில் இசையும் சொல்லும்

மேற்கு, நடு ஆப்பிரிக்க மக்களிடையே வழங்கும் சில முரசுகளை ஐரோப்பியர் ‘பேசும் முரசு’ என்றனர். தமிழில் இத்தொடரைப் படிப்போர் இதனை உருவகமாகவே கொள்வர். ‘பறைதல்’ என்னும் வினை தமிழில் சொல்லுதலைக் குறிப்பினும், பறையோசையைச் சொல் சொல்லாகப் பிரித்தறியும் வழக்கம் நமக்கில்லை. ஆப்பிரிக்க முரசோ உண்மையாகவே மொழியைப் பேசுகிறது. அது பேசும் வகையையும் அதனோடு பிணைந்த சமுதாயப் பணியையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கானாவின் துவி, நைஜீரியாவின் யொரூபா, காங்கோவின் கேலே ஆகியன தொனிமொழிகள். இவற்றில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை வேறுபடுத்தும். கேலே மொழியில் ஒரே ஒலியன் தொடர், ஒரு தொனியில் ‘அவன் ஆற்றங்கரையைப் பார்த்திருந்தான்’ எனவும், மற்றொரு தொனியில் ‘அவன் தன் மாமியாரை வேகவைத்தான்’ எனவும் பொருள்படும். முரசு உயிரையும் மெய்யையும் விடுத்துத் தொனியையும் தாளத்தையும் மட்டும் ஒலிக்கிறது. எனவே முரசொலி தந்திக் குறியீடு போன்றதன்று. பேச்சின் ஒரு கூறேயாகும். கேலே மக்கள் மரத்தைக் குடைந்து பிளவு விட்டுச் செய்யும் முரசில் இரு விளிம்புகள் இரு சுருதிகளைத் தரும். அகான் மக்களின் அதும்பன் ஓர் இணை முரசு. யொரூபா மக்களின் டுண்டுன், நம் உடுக்கை போல இடை சுருங்கியது. வார்களை அழுத்தி அதன் சுருதியை மாற்றுவர்.

தொனி மட்டும் எஞ்சும்போது பல சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். இச்சிக்கலை விளக்கியவர் ஜான் காரிங்டன். 1938இல் காங்கோவின் யாக்குசுவுக்குச் சமயப் பணியாளராக வந்த அவர், 1949இல் பேசும் முரசுகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கேலே மொழியில் நிலவைக் குறிக்கும் சொல்லும் கோழியைக் குறிக்கும் சொல்லும் இரு உயர்தொனிகளை உடையன. ஆதலின் முரசறைவோர் நிலவை, மண்ணை மேலிருந்து நோக்கும் நிலவு என்றும், கோழியை, கியோகியோ எனக் கூவும் சிறிய கோழி என்றும் நிலைத்த தொடர்களால் ஒலிப்பர். அடைமொழி போல் தோன்றும் இம்மிகை, பொருள் மயக்கத்தை நீக்கும் கருவியாகும். ஒவ்வொருவருக்கும் முரசுப்பெயர் உண்டு. தம் பெயர், தந்தை பெயர், தாயின் ஊர் ஆகியன அதில் அடங்கும். ஒருவரை முரசால் அழைப்பதே அவர் உறவுமுறையை ஊரறியச் சொல்வதாகிறது.

அகான் மக்களிடையே முரசு வரலாற்றையும் காத்தது. அசாந்தி மக்களைப் பற்றி ராட்ரே 1923இல் வெளியிட்ட நூலில், மாம்போன் தலைவர்களின் வரலாறு முரசில் ஒலிக்கப்பட்டவாறே பதிவாகியுள்ளது. முரசறைபவர் சொற்பிழை செய்தால் ஆடு ஒன்றை அபராதமாகத் தரவேண்டும் என்பதையும் அவர் குறிக்கிறார். கானாவின் இசையறிஞர் இன்கெட்டியா தம் 1963ஆம் ஆண்டு நூலில், முரசறைதலை அறிவிப்புமுறை, பேச்சுமுறை, ஆட்டமுறை என மூவகைப்படுத்தினார். ஆட்டக்களத்திலும் இவை ஒன்றோடொன்று கலப்பதுண்டு. ஆடுபவரை அடியால் வழிநடத்தும் தலைமை முரசே இடையில் அவரை நோக்கிச் சொல்லாலும் பேசும்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன இரண்டு. துவி மொழி பெரும்பாலும் தொனிக்குறியின்றியே எழுதப்படுகிறது. ஆகவே, அச்சில் காணும் முரசுப் பாடம், முரசு விட்டுவிட்ட ஒலியன்களைத் தருகிறது. முரசு ஒலித்த தொனியைத் தருவதில்லை. இரண்டாவதாக, நீண்ட தொடரை ‘நிலவு’ என ஒரே சொல்லாகச் சுருக்கினால் செய்தி கிட்டும். அச்செய்தி முரசில் எவ்வாறு இயன்றது என்பது மறையும். இளைஞரிடையே இக்கலை அருகி வருவதைக் காரிங்டன் தம் காலத்திலேயே கண்டார். கேட்டுணர்வோர் குறையுந்தோறும் எழுத்துப் பதிவே சான்றாக எஞ்சும். ஆதலின், தொனிக் குறிப்போடு முழுத்தொடரையும் பதிவு செய்து, சுருக்காது மொழிபெயர்ப்பதே முறையாகும்.