டச்சப்

ஒளிப்படத்தில் விழுந்த தூசிப் புள்ளி, கீறல், முகப்பரு, தழும்பு முதலியவற்றை நீக்கும் கலை. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் டச்சிங் என்றும் சொல்வார்கள். கணினியைவிடப் பல தலைமுறை மூத்தது. மியூனிக் நகரின் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியிலேயே திருத்திய நெகட்டிவைப் பார்வைக்கு வைத்தார்.

அழகு ஆசை மட்டும் இதற்குக் காரணமல்ல. அக்காலத் தகடுகளில் சிவப்பு சரிவரப் பதியாது. சிவந்த பரு, கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்து அச்சாகும். அப்படிக் கறுக்கும் இடம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். சாய்வுப் பலகையில் பொருத்திய தேய்த்த கண்ணாடிமேல் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரவிட்டு, பென்சில் பிடிப்பதற்கு மெருகு தடவி, ஊசியாகச் சீவிய முனையால் அந்த வெளிறலை நுண்கோடுகளால் நிரப்புவார்கள். மிகக் கறுத்த இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவார்கள். அச்சில் வெள்ளையாக விழுந்த தூசிக்கு மெல்லிய தூரிகையும் மையும் போதும். பொறுமையும் முகமறியும் கண்ணும் கூடிய உயர்ந்த கைவேலை இது. தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு மின்னாக்கம் செய்திருப்பது, இந்தக் கைகளுக்கும் உரிய மரியாதை.

35 மி.மீ. பிலிமில் முகம் மிகச் சிறிது; பென்சிலுக்கு இடமில்லை. கலர் லேப்கள் பெருகியதும் டச்சப் மேசைகள் ஓரங்கட்டப்பட்டன.

1990இல் வெளிவந்த போட்டோஷாப்பில், நல்ல தோலை நகலெடுத்துக் குறைமேல் பதிக்கும் ஸ்டாம்ப் கருவி இருந்தது. ஆனால் நிறம் பொருந்தாவிட்டால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். 2002இல் 7ஆம் பதிப்போடு வந்த ஹீலிங் பிரஷ் அதைத் தீர்த்தது. தோலின் சொரசொரப்பை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பரு இருந்த இடத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும். 2005இல் வந்த ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷுக்கு ஒரு சொடுக்கு போதும். இன்று பல கைப்பேசிகள் கேட்காமலேயே முகத்தை வழவழப்பாக்குகின்றன.

எளிமையோடு கேடும் வந்தது. கறுத்த மணமகளை ஆல்பத்தில் வெளுப்பாக்குவது டச்சப் அல்ல, அவள் முகத்துக்குச் செய்யும் அவமதிப்பு. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலமைப்பையோ தோலையோ திருத்திய விளம்பரங்களில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

பரு பத்து நாளில் போய்விடும். மச்சம் ஆளோடு இருக்கும். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதப்படுவதும் மச்சமும் தழும்பும்தான். சூரமங்கலத்திலோ நாமக்கல்லிலோ பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவர் தூசியைத் துடைக்கலாம், பின்னணியை வெள்ளையாக்கலாம். கன்னத்து மச்சத்தில் கை வைக்கக் கூடாது.