கிராஷ் யாருடைய பிள்ளை?

1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. ஆரஞ்சு நிறத்தில் பாண்டிகூட் வேடம் போட்ட ஒருவன், ரெட்மண்ட் நகரில் இருக்கும் நின்டெண்டோ அலுவலகத்தின் வாசலில் நின்றுகொண்டு மெகாஃபோனில் மரியோவை வம்புக்கு இழுக்கிறான். கடைசியில் காவலாளி வந்து அப்புறப்படுத்துகிறார். காசு போட்டது சோனி. மரியோவுக்கும் சேகாவின் சோனிக்குக்கும் எதிராக நிறுத்த பிளேஸ்டேஷனுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்த கிராஷ் பாண்டிகூட் சோனியின் சொத்து இல்லை.

1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளியானபோது சோனியிடம் சொந்தக் கதாபாத்திரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இருந்தது சிடி. நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. அதில் அதிகபட்சம் 64 எம்பி அடங்கும், தயாரிக்கும் செலவும் அதிகம். ஒரு சிடியில் 650 எம்பி. பல வருடங்கள் நின்டெண்டோ வீட்டிலேயே இருந்த ஸ்கொயர் நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு சோனி பக்கம் வந்தது. 1997 ஜனவரியில் ஃபைனல் ஃபேண்டஸி 7 மூன்று சிடிக்களில் வெளியானது. பெரிய வெற்றிதான். ஆனால் குடித்தனம் வந்தவர்கள் என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யலாம் இல்லையா? அடுத்த வருடமே அது பிசிக்கும் வந்துவிட்டது.

கிராஷின் கதை இன்னும் சிக்கலானது. ஜேசன் ரூபினும் ஆண்டி கேவினும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து கேம் செய்தவர்கள். அவர்களுடைய நாட்டி டாக், 1994இல் யுனிவர்சல் இன்டராக்டிவ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பணம் யுனிவர்சலுடையது, உட்கார்ந்து வேலை பார்த்த இடமும் லாஸ் ஏஞ்சலிஸில் யுனிவர்சல் வளாகம்தான். பிறகு சோனி வெளியீட்டாளராக வந்து சேர்ந்தது. உருவாக்கியவர்கள் ஒருவர், விற்றவர் இன்னொருவர், உரிமை மூன்றாமவர் கையில். எங்கள் துறையில் வேலைக்குச் சேரும் முதல் நாளே, நீ எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் கம்பெனிக்குத்தான் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். யாரும் அதை முழுசாகப் படித்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் செய்த வேலை என்ன என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிளேஸ்டேஷனின் மெமரி வெறும் 2 எம்பி. கிராஷின் காடோ ஒரு லெவலுக்கே அதைவிடப் பல மடங்கு தரவு கேட்டது. லெவலை 64 கேபி துண்டுகளாக நறுக்கி, கிராஷ் ஓட ஓட அடுத்து வேண்டியதை சிடியிலிருந்து எடுத்து, தேவையில்லாததைத் தூக்கி எறிந்துகொண்டே போனார்கள். எந்த இடத்திலிருந்து பார்த்தால் எந்தப் பரப்புகள் தெரியும் என்பதை முன்கூட்டியே பெரிய கணினிகளில் கணக்குப் போட்டு வைத்தார்கள். கிராஷின் உலகம் ஏன் ஒடுங்கிய சந்து மாதிரியே இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சந்தில் ஓடுகிறவன் அடுத்து எதைப் பார்ப்பான் என்று முன்பே தெரியும். அழகியல், மெமரி இரண்டும் ஒரே முடிவில் தீர்ந்தன. இதற்குமேல், எம்ஐடியில் படித்த கேவின், கதாபாத்திரங்களின் நடத்தையை எழுத லிஸ்ப் சாயலில் தானே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். அடைப்புக்குறிகளைப் பார்த்தாலே ஓடிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டு ஒரு பாண்டிகூட்டை ஆட வைத்திருக்கிறார்.

1996 தொடங்கி 1999 வரை நான்கு கேம்கள். யுனிவர்சலோடு உறவு கசந்தது. 2001 ஜனவரியில் சோனி நாட்டி டாக்கை விலைக்கு வாங்கியது. ஆட்கள் வந்தார்கள், அந்த லிஸ்ப் அறிவும் வந்தது. கிராஷ் வரவில்லை. அதே வருடக் கடைசியில் கிராஷின் அடுத்த கேமை வேறு குழு செய்தது. 2002இல் அவன் எக்ஸ்பாக்ஸிலும், போயும் போயும் நின்டெண்டோவின் கேம்க்யூபிலும் குதித்துக்கொண்டிருந்தான்.

சோனி தன் பாடத்தைக் கற்றது இங்கேதான் என்று நினைக்கிறேன். கையில் கிராஷ் இல்லாததால் நாட்டி டாக் 2001 டிசம்பரில் ஜாக் அண்ட் டாக்ஸ்டரைச் செய்தது. அதே யுனிவர்சல் ஏற்பாட்டில் ஸ்பைரோ என்ற குட்டி டிராகனை உருவாக்கி, அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த இன்சோம்னியாக், 2002இல் ராட்செட் அண்ட் க்ளாங்கைச் செய்தது. நாட்டி டாக் தன் தொழில்நுட்பத்தில் கொஞ்சம் அவர்களுக்குக் கொடுத்தும் உதவியது. இரண்டு புதுத் தொடர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பெற்றவை. இந்த முறை பத்திரம் சோனியின் பெயரில் இருந்தது. 2007இன் அன்சார்ட்டடும் 2013இன் தி லாஸ்ட் ஆஃப் அஸும் அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், உரிமை வேண்டும் என்று படைப்பாளிக்கும் தோன்றும். இன்சோம்னியாக் 2014இல் சன்செட் ஓவர்டிரைவை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காகச் செய்தது. காரணம், அந்த கேமின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சுதந்திரமும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2019இல் சோனி இன்சோம்னியாக்கையே 22.9 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

சொந்தம் கொண்டாடுவதற்கும் விலை உண்டு. 2023இல் ஒரு நீதிமன்ற ஆவணத்தில் கருப்பு மை சரியாகப் பூசாமல் விட்டதால் உலகத்துக்குத் தெரிந்த கணக்கு: தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி. இவ்வளவு போட்டால் ஒரே பெட்டிக்குள் பூட்டி வைக்கத் தாங்குமா? 2020இலேயே ஹொரைசன் ஜீரோ டான் பிசிக்குப் போய்விட்டது. புதுத் தொடராக வளரும் என்று நம்பிய கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23இல் வெளியாகி, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அடுத்த மாதம் அதைச் செய்த ஸ்டுடியோவையும் மூடினார்கள். உரிமை முழுக்க சோனியிடம்தான் இருந்தது.

2016இன் அன்சார்ட்டட் 4இல் ஒரு காட்சி வரும். நேதன் டிரேக் மனைவியோடு சோஃபாவில் உட்கார்ந்து, பழைய பிளேஸ்டேஷனில் கிராஷ் ஆடுவான். பாறை துரத்தும் அந்தப் பழைய லெவலை நாமேதான் ஆட வேண்டும். தாங்கள் பெற்ற பிள்ளையைத் தங்கள் கேமிலேயே காட்ட, நாட்டி டாக்குக்கு ஆக்டிவிஷனின் அனுமதி தேவைப்பட்டது; கைமாறிக் கைமாறி கிராஷ் அப்போது அங்கே இருந்தான். 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு வாங்கியபோது, சாமானோடு சாமானாக அவனும் போனான். மைக்ரோசாஃப்டின் தலைமையகமும் ரெட்மண்டில்தான் இருக்கிறது.