நாயுடுப்பேட்டையில் நிற்கும் சைக்கிள்

2020 மே மாதம் இரண்டாவது வாரத்தில் என் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவன் ஒடிசாவில் பிரம்மபூர் பக்கம். இருபத்திரண்டு வயது இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் ஆறு பேரோடு தங்கியிருந்தான். ஆலை பாதி ஆட்களோடு திறந்துவிட்டது, ஆனால் அவனை யாரும் கூப்பிடவில்லை. ஒப்பந்ததாரர் போனையே எடுப்பதில்லை. ரயிலுக்குப் பதிவு செய்திருந்தான், மெசேஜ் வரவில்லை.

"அண்ணா, சைக்கிள் இருக்கா?"

"இப்ப எதுக்குடா சைக்கிள்? வெளிய போனா போலீஸ் புடுங்கி வச்சிக்கும்."

"ஊருக்கு."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. போனில் மேப்பைக் காட்டினான். தேசிய நெடுஞ்சாலை 16, நாங்கள் இன்னமும் பழைய பழக்கத்தில் என்.எச். 5 என்று சொல்லும் அதே கல்கத்தா ரோடு. கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர், நேர்க்கோடு போல. "பத்து நாள் அண்ணா" என்றான்.

அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 'ஆயிரம் கிலோமீட்டருக்கு 75 மணி நேரம்' என்பதுதான். நீண்டதூர சைக்கிள் ஓட்டிகள் 'பிரெவே' என்று ஒன்று ஓட்டுவார்கள். பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு அங்கீகரிக்கும் பயணம் அது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 600-ஐ 40 மணி நேரத்தில், 1000-ஐ 75-இல். அந்த வருடம் எப்படியாவது ஒரு 300 முடித்துவிட வேண்டும் என்று நான் ஜனவரியிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. அவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

*

எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட சங்கம் கிடையாது, கொடி கிடையாது, வாட்ஸப் குழு மட்டும் உண்டு. ஆலைத் தொழிலாளிகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு மளிகைக்கடைக்காரர், கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பி பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவோம். டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய ஊர். அங்கே ஏரிக்கரையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறவர்களும் உண்டு.

எங்களுக்கு இருந்த விதி ஒன்றே ஒன்று. யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. எப்போதும் ஒருவர் கடைசி ஆளாக வருவார். பஞ்சர் ஆனாலும், யாருக்காவது மூச்சு வாங்கினாலும் அவர் நிற்பார். அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. உலகத்தில் சைக்கிள் குழு என்று ஒன்று இருக்கும் இடத்திலெல்லாம் ஏறக்குறைய இந்த விதி இருக்கிறது.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. முதல் வாரம் குழுவில் மீம்ஸ் ஓடியது. இரண்டாவது வாரம் ஆளாளுக்குப் பைத்தியம் பிடித்தது. வெல்டிங் தெரிந்த ஒருவர் பழைய இரும்புச் சட்டத்தில் ஸ்டாண்டு அடித்து, பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும்படி சைக்கிளை வீட்டுக்குள்ளேயே மாட்டிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். ஞாயிறு காலை அதே ஐந்தரை மணிக்கு வீடியோ கால் போட்டு, எல்லோரும் ஸ்டாண்டின் மேல் ஒரு மணி நேரம் மிதித்தோம். ஸ்டாண்டு இல்லாதவர்கள் மொட்டைமாடியில் வட்டமடித்தார்கள். ஒரு பையன் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி மாடியில் பத்து கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்தான்.

உலகம் முழுக்க அப்போது இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஸ்பெயினில் ஏழு வாரம் போல உடற்பயிற்சிக்காக வெளியே வருவதற்கே தடை. பிரான்ஸில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜூன் 27-இல் தொடங்க வேண்டிய டூர் டி பிரான்ஸ் ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிப்போனது. நடுவில் ஜூலையில், உலகத்தின் பெரிய வீரர்களெல்லாம் அவரவர் வீட்டில் ட்ரெய்னர் மேல் உட்கார்ந்து, 'ஸ்விஃப்ட்' என்ற செயலிக்குள் ஒரு மெய்நிகர் டூர் ஓட்டினார்கள். எங்கள் இரும்பு ஸ்டாண்டுக்கும் அவர்களுடைய விலை உயர்ந்த ட்ரெய்னருக்கும் வித்தியாசம் இல்லை என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். காலத்துக்கேற்ப மாறிக்கொண்டுவிட்டோம் என்ற நினைப்பு எங்களுக்கு.

*

சைக்கிளே ஒரு நெருக்கடியில் பிறந்தது என்று சொல்கிற வரலாற்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தை மூடியதில் 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் அழிந்தது, தீவன விலை ஏறியது, குதிரைகள் செத்தன. 1817 ஜூனில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் இரண்டு சக்கரம் வைத்த மர வண்டி ஒன்றைக் காலால் தரையை உந்தி ஓட்டிக் காட்டினார். பெடல் இல்லாத அந்த வண்டிதான் சைக்கிளின் பாட்டன். குதிரைப் பஞ்சம்தான் அவரை அதற்குத் தூண்டியதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் மற்ற வண்டிகள் நின்றுபோகும்போதெல்லாம் சைக்கிள் தெருவுக்கு வருகிறது என்பதில் சண்டை இல்லை.

சைக்கிள் குழுக்களுக்கும் வரலாறு இருக்கிறது. 1878-இல் இங்கிலாந்தில் தொடங்கிய சுற்றுலா சைக்கிள் சங்கம், ஆபத்தான மேட்டுச் சரிவுகளில் எச்சரிக்கைப் பலகைகள் நட்டது. பின்னால் வருகிறவன் விழக்கூடாது என்பதற்காக. 1894-இல் பர்மிங்ஹாமில், ஆலைகள் நிறைந்த ஊரில், 'கிளாரியன்' என்ற சோஷலிசப் பத்திரிகையின் இளம் வாசகர்கள் ஒரு சைக்கிள் குழு ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை புகையிலிருந்து தப்பித்துக் கிராமத்துக்குப் போவார்கள், போகிற வழியில் பத்திரிகையும் துண்டறிக்கையும் கொடுப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து பழவேற்காடு போகும் எங்களுக்கு அவர்கள்தான் பங்காளிகள் என்று எனக்குத் தோன்றும். ஒரே வித்தியாசம், அவர்களுக்குத் தொழிலாளி என்றால் யார் என்பது மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் என்றால் வேலைதான். அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அம்பத்தூரும் அதில்தான் இருந்தது, 2018-இல்தான் சென்னைக்குப் போனது. ஆக, நம் ஊர் வண்டி. என் அப்பா காலத்தில் ஷிஃப்ட் விடும் சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள்கள் ஆறு மாதிரி வெளியே வரும் என்பார். கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டில்பாரில் தொங்கும் துணிப்பை. பிறகு டிவிஎஸ் 50 வந்தது, பைக் வந்தது, கம்பெனி பஸ் வந்தது. சைக்கிள் ஓட்டுகிறவன் ஏழை என்று ஆனது. அதற்கும் பிறகு, 2010-களில், கியர் சைக்கிளும் ஹெல்மெட்டும் வந்தன. சென்னையில் 'வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்' போன்ற பெரிய குழுக்கள் பகுதிவாரியாக வளர்ந்தன. அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். அப்போதும் சிப்காட் சாலையில் எங்கள் பக்கத்திலேயே, வாடகை ஷெட்டிலிருந்து ஆலைக்குப் பழைய சைக்கிளில் டபுள்ஸ் போய்க்கொண்டிருந்தார்கள் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும். ஒரு ஞாயிறுகூட அவர்களில் ஒருவரையும் நாங்கள் கூப்பிட்டதில்லை. கூப்பிடத் தோன்றவே இல்லை.

*

மே மாதம் அந்தச் சாலை எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தேன். வடக்கே போகும் பக்கத்தில் மூன்று பேர், ஐந்து பேர், பத்துப் பேர் என்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். சிலது புத்தம்புதுசு, ஃப்ரேமில் சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. ஊரிலிருந்து அம்மாவிடம் பணம் அனுப்பச் சொல்லி வாங்கியது என்று ஒருவர் சொன்னார். சம்பாதிக்க வந்தவனுக்கு ஊரிலிருந்து பணம் வந்தது.

அந்த மாதம்தான் ஜோதி குமாரி என்ற பதினைந்து வயதுப் பெண், அடிபட்ட அப்பாவைக் கேரியரில் உட்காரவைத்து, ஹரியானாவின் குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். நாடே கைதட்டியது. சைக்கிள் கூட்டமைப்பு அவளைத் தேர்வுக்கு அழைத்தது, அடுத்த ஆண்டு தேசிய விருது கிடைத்தது. எங்கள் குழுவிலும் அந்தச் செய்தியைப் பகிர்ந்து கைதட்டும் பொம்மைகள் போட்டோம். சைக்கிள் கடை அண்ணன் மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "இன்னாத்துக்குக் கைதட்டுறீங்க? ரயில் வுட்டிருந்தா அந்தப் பொண்ணு ஏன் மெறிக்கணும்?"

அதற்குப் பிறகு குழுவில் ஒரு நாள் முழுக்க யாரும் எதுவும் போடவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் கடையை முக்கால் ஷட்டர் இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே வேலை செய்தார். புறநகர் ரயில் நின்றுபோயிருந்ததால் கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கத்து ஆட்கள் ஆலைக்கு வரப் பரணில் கிடந்த சைக்கிளையெல்லாம் இறக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள்களை மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பாக்கள் வேலைக்குப் போனார்கள். வடக்கே போகிறவர்களும் வந்தார்கள். நாங்கள் இருவர் இருவராகப் போய் அவருக்குக் கைவேலை செய்தோம். பஞ்சர், செயின், பிரேக் கட்டை. போகிறவர்களிடம் காசு வாங்கக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். ட்யூபுக்கு ஆன செலவைக் குழு பிரித்துக்கொண்டது.

அந்த நாலைந்து வாரம்தான் நாங்கள் உண்மையில் சைக்கிள் குழுவாக இருந்தோம் என்று நினைக்கிறேன். நாங்கள் யாரும் சைக்கிள் ஓட்டவில்லை.

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். அன்றைக்கு உத்தரப்பிரதேசத்தின் சாஹிபாபாதில் அட்லஸ் கம்பெனியின் கடைசி ஆலையில் வேலைக்கு வந்தவர்கள், கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத் திரும்பினார்கள். ஆலை மூடியாகிவிட்டது. அதே கோடையில் சைக்கிள் விற்பனை எகிறிக்கொண்டிருந்தது. உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி மே மாதம் நான்கரை லட்சம், செப்டம்பரில் பதினோரு லட்சத்துக்கு மேல். ஐந்து மாதத்தில் மொத்தம் கிட்டத்தட்ட 42 லட்சம் சைக்கிள்.

ஜூன் 19-இல் மறுபடி முழு ஊரடங்கு. சென்னையோடு சேர்த்துக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பேரூராட்சிகளும் அதில் வந்தன. சாமான் வாங்க வண்டி எடுக்கக்கூடாது, இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து போக வேண்டும். அண்ணன் ஷட்டரை முழுதாக இறக்கினார். அதற்குள் சாலையும் வெறிச்சோடிவிட்டது. போக வேண்டியவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

*

என் ஹெர்குலிஸ் போனது இதற்கெல்லாம் கொஞ்சம் முந்தி, அண்ணனின் வாய்ஸ் மெசேஜ் வருவதற்கு முன்னால்.

விற்ற அன்று சாயங்காலம் அவனுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரு பம்பு, இரண்டு ட்யூப் சும்மாவே கொடுத்தேன். வெயிலில் ஓட்டாதே, ராத்திரி பங்க்கில் படு, உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் குடி என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஞானம் முழுவதையும் சொன்னேன். அவன் ஐந்நூறு ரூபாய் நோட்டு நான்கை எண்ணிக் கொடுத்தான். எனக்கும் அந்த மாதம் பாதிச் சம்பளம்தான். இருந்தாலும் வாங்கியிருக்கக்கூடாது. வாங்கினேன்.

நாலு நாள் கழித்து வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டான். எளாவூர் சோதனைச்சாவடியைத் தவிர்த்து ஊர்ப்பாதை வழியாக ஆந்திராவுக்குள் போயிருக்கிறான். நாயுடுப்பேட்டை தாண்டியதும் போலீஸ் நிறுத்திவிட்டது. சாலையில் போகிற தொழிலாளர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப ஆந்திர அரசு அப்போது ஏற்பாடு செய்திருந்தது. பஸ்ஸில் ஆளுக்கு இடம் இருந்தது, சைக்கிளுக்கு இல்லை.

"அண்ணா, சைக்கிள் டீக்கடை பின்னாடி வெச்சிருக்கேன். பூட்டிட்டேன். நீங்க போய் எடுத்துக்கங்க."

"அது உன்னுதுடா" என்றேன்.

"எனக்கு எதுக்கு அண்ணா இனிமே?"

சைக்கிளைத்தான் சொன்னானா, இந்த ஊரையா என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த எண் கிடைக்கவில்லை.

2021 ஜனவரியில் குழு முதல் நீண்ட பயணம் கிளம்பியது. பழவேற்காடு வேண்டாம், நாயுடுப்பேட்டை போகலாம் என்று நான் சொன்னேன். ஏன் என்று அண்ணனுக்கு மட்டும் தெரியும். அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று டீக்கடைகளில் விசாரித்தேன். மூன்றாவது கடைக்காரர் தெலுங்கு கலந்த தமிழில், "எந்த சைக்கிள்? அப்போ இங்க எத்தனை சைக்கிள் நின்னுச்சு தெரியுமா?" என்றார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கீரை போட்டிருந்தார்கள்.

2022-இல் ஒரு செய்தி படித்தேன். பஞ்சாப், ஹரியானாவிலிருந்து சைக்கிளில் வந்த தொழிலாளர்களை உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரில் நிறுத்தி பஸ்ஸில் ஏற்றியபோது, சைக்கிள்களுக்கு டோக்கன் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். பலர் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்கள். வராதவர்களின் சைக்கிள்கள் 5,400. இரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற அவற்றை மாவட்ட நிர்வாகம் ஏலம் விட்டது. மொத்தம் 21 லட்சம் ரூபாய் சொச்சம்.

வகுத்துப் பார்த்தேன். ஒரு சைக்கிளுக்கு நானூறு ரூபாய்கூட வரவில்லை. நான் இரண்டாயிரம் வாங்கியிருந்தேன்.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறோம். ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர், ஜார்க்கண்ட்காரர் ஒருவர் எங்களோடு வருகிறார்கள், கியர் இல்லாத சைக்கிளில். மேம்பாலம் ஏறும்போது பின்தங்குவார்கள். கடைசி ஆளாக வரும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.